விழவில்லை

ஜஹ்ரா மருத்துவ நிலையத்தில்
எனக்கென்று ஓர் அறை கொடுத்து மூன்று மாதம்.
முன்பு கையுறைப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறை.
ஜன்னல் இல்லை. ஏசி இருமும்.
அறுபது தாண்டியவர்களை
டாக்டருக்கு முன் நான் பார்க்க வேண்டும்.
நாற்பத்திரண்டு கேள்வி, கை வைத்த ஒரு நாற்காலி,
தரையில் மூன்று மீட்டருக்கு நானே ஒட்டிய மஞ்சள் டேப்.

இன்று ஏழாவது டோக்கன், வத்ஹா.
எழுபத்தெட்டு என்கிறது அட்டை.
"மழை விடாமல் பெய்த வருஷம் பிறந்தேன்,
அதை எழுது" என்கிறாள்.
எழுதக் கட்டமில்லை.

மூன்று சொல் சொல்கிறேன், வைத்திருங்கள்,
அப்புறம் திருப்பிக் கேட்பேன்:
தம்ர், பாப், கமர்.
பேரீச்சை, கதவு, நிலா.

கடிகாரம் வரையச் சொன்னேன்.
பென்சிலைக் கரண்டிபோல் பிடித்து
வட்டம் போட்டாள். நல்ல வட்டம்.
எண்கள்?
ஐந்து புள்ளி வைத்தாள்,
முதலாவது விடியலுக்கு, கடைசி இஷாவுக்கு.
"வேறு நேரம் எதற்கு?"
சரியா தவறா என்று மட்டும் கேட்கிறது படிவம்.

எழுந்து நடந்து திரும்பி உட்காரப்
பத்தொன்பது விநாடி.
பன்னிரண்டு தாண்டினால் சிவப்பு.
கூடவே நடந்தாள் வீட்டு வேலைக்காரி,
தொடவில்லை,
பால் பொங்கப் போகும் அடுப்பருகே நிற்பவளைப்போல்
இரு கையும் தயாராக.
யாரும் இல்லாதபோது அந்த டேப்பில்
நானும் நடந்து பார்த்திருக்கிறேன்.
எனக்கு ஐம்பத்தாறு. பத்து விநாடி.
போன வாரம் பதினொன்று.

கேள்வி பதினேழு:
கடந்த ஒரு வருஷத்தில் விழுந்தீர்களா?
"அல்ஹம்துலில்லாஹ், ஒரு தடவைகூட இல்லை."
பூஜ்யம் தட்டப் போனேன்.
சுவரோரத்திலிருந்து வந்தது,
தெலுங்குக்காரிக்கும் தமிழ்க்காரிக்கும் பொதுவான
சமையற்கட்டு அரபியில்:
"மேடம் விழ மாட்டாங்க, சிஸ்டர்.
விழுந்தா என் மேலதான் விழுவாங்க."

வத்ஹா சிரித்தாள். "நிஜம். இவள்தான் என் மெத்தை."

பெயர் ராமலக்கம்மா. ராயசோட்டிப் பக்கம்.
விரல் மடக்கி எண்ணினாள்:
குளியலறையில் இரண்டு,
காரிலிருந்து இறங்கும்போது ஒன்று,
நோன்பில், சஹர் நேரத்தில், இருட்டில் ஒன்று.
சட்டைக் கையை மேலே தள்ளினாள்.
முழங்கைக்கு மேல்
பழைய மஞ்சளும் புதிய நீலமும்.

வயது?
"பாஸ்போர்ட்டில் நாற்பத்தொன்பது."
நிஜத்தில்?
"அறுபத்திரண்டு. பதிமூன்று வருஷத்தை
ஏஜெண்ட் எடுத்துக்கிட்டான். கமிஷன் தனி."

வத்ஹாவின் கையிலிருந்த பட்டையைக் கழற்றி
அவள் கையில் சுற்றினேன்.
நூற்று எழுபத்தெட்டு. கீழே நூற்று நான்கு.
"என்னுடையதைவிடக் கூடுதலா?"
என்றாள் வத்ஹா, பந்தயத்தில் தோற்றவள்போல்.
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு:
"அப்போ என்னை யார் பிடிப்பார்கள்?"

ராமலக்கம்மாவின் அட்டை எண்ணைத் தட்டினேன்.
வயதுத் தகுதி இல்லை என்றது திரை.
மீண்டும் தட்டினேன். மீண்டும் சொன்னது.
பதினேழாம் கேள்விக்குப் போய்
பூஜ்யத்தை எடுத்துவிட்டு நான்கு போட்டேன்.
யார் மேல் என்று எழுத
அந்தக் கட்டத்தில் எழுத்து ஏறவில்லை, எண் மட்டும்தான்.
துண்டுச் சீட்டில் அவள் அழுத்தத்தை எழுதி
டாக்டர் மேசையில் கண்ணாடிக்கு அடியில்
செருகிவிட்டு வந்தேன். இதற்கு எனக்கு
அனுமதி உண்டா தெரியாது.

சரி, அந்த மூன்று சொல்?
"தம்ர்," என்றாள் வத்ஹா. "கமர்."
ஏசி இருமியது.
"இன்னொன்றை வீட்டில் வைத்துவிட்டேன்."
மூன்றுக்கு இரண்டு.

தடியை ஒரு கையிலும் வத்ஹாவை மறு கையிலும்
பிடித்திருந்த ராமலக்கம்மா
இடுப்பால் அதைத் தள்ளித் திறந்தபடி,
யாரிடமும் இல்லாமல்,
"பாப்," என்றாள்.

மூன்றாவது மதிப்பெண்ணை
யாருக்குப் போட.
எட்டாவது டோக்கன்
வாசலில் நிற்கிறது.